சின்னம்மா ருசி பார்க்காத சமையல்

எங்கள் வீட்டுச் சமையலறை அலுமாரியின் மேல் அடுக்கில், ஒருவரும் பாவிக்காத கண்ணாடித் தட்டம் ஒன்று இருக்கிறது. ஓவனுக்குள் வைக்கிற தடித்த கண்ணாடி. தூக்குவதற்கு இரண்டு பக்கமும் காது உண்டு. ஒரு மூலையில் மண்ணிறத்தில் கருகல் பிடித்திருக்கிறது. எவ்வளவு உரஞ்சினாலும் போகாது. போன மாதம் என் மகள் கதிரையில் ஏறி அதை இறக்கினாள். பாஸ்தா செய்வதற்கு அளவான தட்டம் என்றாள். மேசைக்குப் பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த சின்னம்மா நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளை, அது வேண்டாம். அது மச்சத் தட்டம்" என்றார். மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் மச்சம் என்றுதான் பெயர். "எத்தனை வருஷமா ஒருத்தரும் தொடேல்லை, அம்மம்மா, க்ளீனாத்தானே கிடக்கு" என்று மகள் சிரித்தாள். சின்னம்மா சிரிக்கவில்லை. தட்டத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார். பிறகு கையைக் கழுவச் சொன்னார். கழுவும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எண்பதுகளின் நடுவில் நான் ஒற்றைப் பெட்டியோடு லண்டனில் வந்திறங்கியபோது எனக்கு இடம் தந்தது தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த அவர்களுடைய வீடுதான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சமையலறைக்கு நேர் மேலே இருந்த சின்ன அறையை எனக்குத் தந்தார்கள். அதனால் கீழே என்ன அடுப்பில் இருக்கிறது என்பது எனக்குப் படுக்கையிலேயே தெரிந்துவிடும். சின்னம்மா ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். சித்தப்பா ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்தோடு நின்றார். சின்னம்மா பிறந்ததிலிருந்து சைவம். முட்டை கூட வாயில் வைத்ததில்லை. வேலைத்தலத்தில் யாராவது பிறந்தநாள் கேக் நீட்டினால், முட்டை போட்டதோ என்று கேட்டு, போட்டது என்றால் கடதாசியில் சுற்றி எனக்குக் கொண்டுவந்து தருவார். அதைத் தந்துவிட்டும் கை கழுவுவார்.

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டிறைச்சி வெந்தது. சித்தப்பாவுக்காக. எழுபதுகளில் அவர் தனியாக இந்த ஊருக்கு வந்த புதிதில், தங்கியிருந்த அறையில் சமைக்க விடமாட்டார்களாம். பாண் ரொட்டியும் பாலும்தான் சாப்பாடு. ஒரு பனிக்காலத்தில் தொழிற்சாலைக் கன்ரீனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சுடச்சுட ஒன்றைக் கரண்டியால் அள்ளிப் போட்டிருக்கிறார். தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ், அரைத்த மாட்டிறைச்சி, மேலே உருகிய சீஸ். அதைச் சாப்பிட்ட அன்றுதான் இந்த நாட்டில் தன் விரல்கள் சூடானது என்று அவரே சொல்லியிருக்கிறார். நான் அதைக் குறை சொல்லவில்லை. குளிரில் பசித்த மனிதன் கிடைத்ததைச் சாப்பிட்டான். பிறகு அது அவனுக்குப் பிடித்துப்போயிற்று. அதை ஒளிக்காமல் சாப்பிட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன். சின்னம்மா கலியாணமாகி வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே, "இஞ்சாரும், இப்பிடி ஒண்டு செய்யப் பழகும்" என்று சொல்லிவிட்டாராம். தொழிற்சாலையால் வந்து வாயால் விளக்க, சின்னம்மா மனதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அவர் அதைச் செய்கிற விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காலையிலேயே சாமிப் படத்தட்டின் திரையை இழுத்து மூடுவார். பழைய மழைக்கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வார். கொல்லைக் கொட்டிலுக்குள் இருந்து அந்தக் கண்ணாடித் தட்டமும் ஒரு இரும்புச் சட்டியும் ஒரு மர அகப்பையும் வீட்டுக்குள் வரும். வெங்காயத்தை எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, இறைச்சியைக் கொட்டி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு கட்டி கட்டியாகாமல் கிளறுவார். வடியும் கொழுப்பைச் சாய்த்து எடுப்பார். கன்ரீன் சமையலில் இல்லாத இரண்டை அவரே சேர்த்தார்: எங்கள் ஊர் வறுத்த தூளில் ஒரு கரண்டி, இடித்த பெருஞ்சீரகம் கொஞ்சம். பிறகு இரண்டு தகரப் பேணி பீன்ஸ், தக்காளி சோஸ், கடுகு, இனிப்புக்குக் கை நுனியால் சீனி. எல்லாவற்றையும் தட்டத்தில் பரப்பி, மேலே பாண் தூளும் சீஸும் தூவி ஓவனுக்குள் தள்ளுவார். உப்பு? அதுதான் அதிசயம். ஒருநாளும் நுனி நாக்கில் வைக்காமல், மணத்தை வைத்தே உப்பைப் போட்டார். அது சரியோ பிழையோ என்பதைச் சித்தப்பா முதல் வாய் எடுக்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். நான் சாப்பிட்டிருக்கிறேன். அருமையான ருசி. அதைச் சொன்னால், "அப்பிடியே?" என்று யாரோ செய்ததைக் கேட்கிற மாதிரிக் கேட்பார். எல்லாம் முடிந்து தலை தோய்ந்த பிறகுதான் தனக்கென்று ஒரு பருப்புக்கறி வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னம்மா சாப்பிடும்போது மூன்று மணி தாண்டிவிடும்.

சித்தப்பா சும்மா ஆள் இல்லை. ஒரு வாடகை மண்டபத்தில் எங்கள் ஆட்கள் சேர்ந்து கோவில் தொடங்கியபோது முன்னுக்கு நின்றவர்களில் அவரும் ஒருவர். குரல் நல்ல குரல். தேவாரம் படித்தால் பேசிக்கொண்டிருப்பவர்களும் வாயை மூடுவார்கள். கொஞ்சக் காலத்தில் தலைவரானார். திருவிழாக்களில் கொல்லாமையைப் பற்றி மைக் பிடித்துப் பேசினார். இந்த நாட்டில் பிறக்கிற எங்கள் பிள்ளைகள் மாட்டிறைச்சி பேர்கருக்குப் பின்னால் போகிறார்களே என்று குரல் தழுதழுக்கக் கவலைப்பட்டார். அந்தப் பேச்சுகளும் பெரும்பாலும் ஞாயிறு பின்னேரங்களில்தான் நடக்கும். மதியம் சாப்பிட்ட தட்டம் வீட்டுத் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும்.

இறைச்சிக்கடைக்கு அவர் போகமாட்டார். யாராவது கண்டால்? சின்னம்மாவைத்தான் அனுப்புவார். எங்கள் ஆட்கள் குறைவான இடமாகப் பார்த்து இரண்டு பஸ் மாறிப் போவார் சின்னம்மா, நெற்றியில் குங்குமத்தோடும் சேலைக்கு மேல் கோட்டோடும். ஞாயிற்றுக்கிழமையில் யாராவது முன்னறிவித்தல் இல்லாமல் வந்து மணி அடித்தால் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். ஒருமுறை கோவில் செயலாளர் வாசலில் நின்றார். சித்தப்பா சாப்பாட்டுக் கோப்பையோடு மாடிக்கு ஓடிக் குளியலறைக்குள் புகுந்து கதவைப் பூட்டிக்கொண்டார். குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு இறங்கி வந்தார். அதற்குள் செயலாளர், "நல்ல மணமாக் கிடக்கு, தங்கச்சி. என்ன சமையல்?" என்று கேட்டுவிட்டார். "பீன்ஸ்" என்றார் சின்னம்மா. எனக்கு அன்றைக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

சின்னம்மாவுக்கென்று லண்டனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோவில் மடைப்பள்ளி. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்து, தோய்ந்து, துவைத்த சேலை உடுத்துப் போவார். பெரிய கிடாரத்தில் சர்க்கரைப் பொங்கலைக் கிண்டும்போது அவருடைய முகத்தில் வருகிற மலர்ச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அங்கே நாலு பெண்கள் அவரிடம் பதம் கேட்டார்கள். பிள்ளைகள், "அன்ரி, இன்னும் கொஞ்சம்" என்று கை நீட்டினார்கள். ஆஸ்பத்திரியில் பிறர் எச்சில் கழுவுகிற கை, அங்கே சாமிக்குச் சமைத்தது. "கிழமையில ஒருநாள் மனுஷியா இருக்கிறன்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். வேறு எதற்கும் ஆசைப்பட்டவர் அல்ல. அந்தக் கிடாரமும் அகப்பையும் போதும்.

அதைத்தான் பறித்தார்கள். கோவிலுக்கு வருகிற ஒரு பெண், இரண்டு பஸ் தள்ளியிருந்த அந்த இறைச்சிக்கடையில் சின்னம்மாவைக் கண்டுவிட்டார். கண்டது மட்டுமில்லை, கடைக்காரர் அவரைத் தெரிந்தவர் மாதிரிக் கதைத்து, கேட்காமலே மாட்டிறைச்சியை நிறுத்துக் கொடுத்ததையும் கண்டார். அடுத்த வெள்ளிக்குள் கதை காட்டுத்தீயாய்ப் பரவிவிட்டது. மாடு தின்கிற கையால் மடை வைக்கிறாளாம். பூசை முடிந்ததும் கமிற்றிக்காரர் மண்டபத்து மூலையில் சித்தப்பாவைச் சுற்றி நின்றார்கள். மடைப்பள்ளி வாசலில் சின்னம்மாவும் நானும் நின்றோம். எல்லாம் கேட்டது. இதோ, இந்த மனுஷன் இப்போது உண்மையைச் சொல்லவேண்டும், சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சித்தப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டார். "என்ன செய்யிறது? வேலை செய்யிற இடத்துப் பழக்கம். நானும் எத்தினை தரம் சொல்லிப்போட்டன். பொம்பிளையள் சொன்னாக் கேக்கினமே?" என்றார். கவலையான குரல், தேவாரம் படிக்கிற அதே குரல். சுற்றி நின்றவர்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டார்கள். இப்படி ஒரு மனைவியை வைத்துக்கொண்டு இவ்வளவு தொண்டு செய்கிறாரே என்று ஒருவர் சொன்னதும் எனக்குக் கேட்டது. அதற்குள் ஒரு பெண் வந்து சின்னம்மாவின் கையிலிருந்த அகப்பையை மெல்ல வாங்கினார். "அக்கா, நீங்கள் கொஞ்ச நாளைக்கு ஓய்வெடுங்கோவன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் பிறகு முடியவேயில்லை.

வீட்டுக்கு வந்து படியில் வைத்து நான், "சித்தப்பா, சின்னம்மா முட்டைகூடத் தொடாதவ" என்றேன். "ஓம், எனக்குத் தெரியாதே? சனம் கொஞ்ச நாளில மறந்துவிடும். தலைவர் எண்டு நான் தலை குனிஞ்சு நிண்டால் கோவில் உடைஞ்சு போகும்" என்றார். கோவிலைக் காப்பாற்றினாராம்! நான் அடுத்த வெள்ளியில் மண்டபத்துப் பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னேன். இறைச்சி யாருக்கு என்றும் சொன்னேன். வளர்த்த பாசத்தில் பிள்ளை சின்னம்மாவுக்குப் பரிந்து பேசுது என்று தலையைத் தடவினார்கள். ஒருவராவது சின்னம்மாவிடம் நேரே வந்து, நீங்கள் சாப்பிடுகிறனீங்களோ என்று கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டே, "இண்டைக்கு அது இல்லையோ?" என்று கேட்டார். தட்டத்தை எடுத்து அவருடைய தலையில் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சின்னம்மா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். நான் பின்னால் போய்க் கையைப் பிடித்தேன். "இனியும் ஏன் சமைக்கிறியள்? நிப்பாட்டுங்கோ" என்றேன். சின்னம்மா தட்டத்தில் இருந்த தூசியை ஊதினார். "இப்ப நிப்பாட்டினால் நான் திருந்திட்டன் எண்டு சொல்லுவினம். திருந்துறதுக்கு நான் என்ன செய்தனான்?" என்றார். அன்றைக்கு அவருடைய கவனம் எங்கேயோ இருந்திருக்கவேண்டும். ஓவனில் கூடுதல் நேரம் விட்டுவிட்டார். தட்டத்தின் மூலை கருகியது அன்றைக்குத்தான். சித்தப்பா அதைச் சுரண்டிச் சாப்பிட்டார். மொறுமொறுப்பு நன்றாயிருக்கிறது என்றார்.

பிறகு நான் கலியாணம் முடித்து பக்கத்து ஊரான மோர்டனுக்குப் போய்விட்டேன். ஞாயிறுகள் அப்படியே நடந்தன. இடையில் ஒரு வருடம், மாடுகளுக்கு விசர் என்கிற பைத்திய நோய், இறைச்சியைத் தின்றால் மனிதருக்கும் வரும் என்று நாடே கதிகலங்கியபோது, சித்தப்பா தானாகவே மாட்டிறைச்சியை நிறுத்தினார். சாமி சொல்லி நிறுத்தாதவர் தொலைக்காட்சி சொல்லி நிறுத்தினார். சில மாதங்கள் ஆட்டிறைச்சியில் செய்விக்கப் பார்த்தார். அந்த ருசி வரவில்லை என்று சலித்துக்கொண்டார். பயம் தணிந்ததும் பழையபடி இரண்டு பஸ் மாறி அனுப்பினார். சின்னம்மா போனார். அந்தக் கடையில் அவரை யாராவது கண்டாலும் அது இனி ஒருவருக்கும் புதுச் செய்தி இல்லை.

தொண்ணூறுகள் முடிகிற நேரம் சித்தப்பா நெஞ்சுவலியில் போனார். செத்த வீட்டுக்குத் தெற்கு லண்டனில் பாதிச் சனம் வந்தது. எங்கள் வழக்கத்தில் எட்டுச் செலவு என்று ஒன்று உண்டு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, வந்தவர்களுக்கும் சாப்பாடு கொடுப்பது. மீன் விரும்பினவருக்கு மீன், குடித்தவருக்குப் போத்தல்கூட வைப்பார்கள். அதில் ஒளிவுமறைவு இல்லை. சித்தப்பா சுத்த சைவம் என்பது ஊரறிந்த சங்கதியாயிற்றே. ஆகவே செயலாளர் முதல் நாளே வந்து, "தங்கச்சி, நீங்கள் கவலையில இருக்கிறியள். சாமானெல்லாம் எங்கட ஆக்கள் கொண்டு வருவினம். வடை, பாயாசத்தோட சைவமாப் படைப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மா தலையாட்டினார்.

எட்டுச் செலவன்று பொழுதுபடும் நேரம் வீடு நிறைந்திருந்தது. படத்துக்குப் பெரிய மாலை. தலைவாழை இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை. செயலாளர் தேவாரம் தொடங்க வாயெடுத்தார். அப்போது அந்த மணம் வந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒன்றிரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். சமையலறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு சின்னம்மா வந்தார். வெள்ளைச் சேலை. அதற்கு மேல் மழைக்கோட்டு இல்லை. இரண்டு கைகளிலும் ஓவன் கையுறை போட்டு, அந்தத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீஸ் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. சனம் விலகி வழிவிட்டது. வடையைத் தள்ளி வைத்துவிட்டு, இலைக்கு நடுவில், படத்துக்கு நேரே அதை இறக்கினார்.

"இது என்ன, தங்கச்சி?" என்றார் செயலாளர்.

"பீன்ஸும் மாட்டிறைச்சியும்." என்றார் சின்னம்மா. "ஞாயிற்றுக்கிழமையில ஒருநாள் தவறாமல் இதைத்தான் சாப்பிட்டவர். நீங்கள் வந்த அண்டைக்கும் மேல பாத்ரூமுக்குள்ள இருந்து சாப்பிட்டவர். எட்டுச் செலவுக்கு விருப்பமானதைத்தானே வைக்கவேணும்?" கையுறையைக் கழற்றினார். "நான் ஒருநாளும் வாயில வைக்கேல்லை. உப்புப் போதுமோ எண்டு அவருக்குத்தான் தெரியும்."

சின்னம்மா தானே கற்பூரம் கொளுத்தினார்.

சனம் அத்தோடு தலை குனிந்தது, மன்னிப்புக் கேட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிடாமலே பலர் போனார்கள். பத்து வருடமாய் மனதில் வஞ்சம் வைத்திருந்து, செத்த மனுஷனைப் படையலில் வைத்துச் சீரழித்தாள் என்றார்கள். கவலையில் அறிவு பிசகிவிட்டது என்று சொன்னவர்கள்தான் கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள். புதிதாய்ச் சொந்தக் கட்டடத்துக்குப் போன கோவிலில் சித்தப்பாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். இன்றும் அது அங்கே தொங்குகிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மாதமே சின்னம்மாவை மோர்டனுக்கு என்னோடு கூட்டிவந்தேன். கொட்டிலில் இருந்த சட்டியையும் அகப்பையையும் குப்பையில் போட்டார். தட்டத்தை மட்டும் பேப்பரில் சுற்றி எடுத்துவந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம், மகள் பாஸ்தா செய்ய அதை இறக்கிய அதே கிழமை, கோவிலில் இருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் கொஞ்சம் தடுக்குகிறது, ஆனால் மரியாதையான பிள்ளைகள். பழைய கதை ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. கோவிலின் ஆண்டு விழாவில் முன்னாள் தலைவரின் மனைவி வந்து குத்துவிளக்கு ஏற்றவேண்டும் என்றார்கள். சின்னம்மா நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில், நான் மறந்தே போயிருந்த அந்த வெள்ளிக்கிழமை மலர்ச்சி மெல்ல வந்தது.

"தம்பி, மடைப்பள்ளியில சமையலுக்கு ஆள் போதுமோ? நான் இப்பவும் செய்வன். என்னால ஏலும்" என்றார்.

"அந்தக் கஷ்டம் உங்களுக்கு வேண்டாம், அன்ரி. இப்ப எல்லாம் கேற்றரிங்தான்" என்றான் பெரியவன்.

"அப்பிடியே" என்றார் சின்னம்மா.

அவர்கள் போன பிறகு சமையலறைக்கு வந்தேன். விளக்கேற்றப் போவீர்களா என்று கேட்டேன். "விளக்கேத்த ஆயிரம் பேர் இருக்கினம். நான் சமைக்கத்தான் கேட்டனான்" என்றார். பிறகு நிமிர்ந்து அலுமாரியைப் பார்த்தார். மகள் திருப்பி வைத்தபோது அந்தக் கண்ணாடித் தட்டம் அடுக்கின் விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளி வைக்கச் சொன்னார். கதிரையில் ஏறித் தள்ளி வைத்தேன். நான் இறங்கியதும் சின்னம்மா குழாயைத் திறந்துவிட்டார்.

"கையைக் கழுவு" என்றார். கழுவினேன்.